குறை சொல்லாமல் கொடுத்த வண்டி

"பதினொண்ணு, உன் டீ ஆறுது பாரு" என்று டீக்கடைக்காரம்மா குரல் கொடுத்தபோது இரண்டு பேர் திரும்பினார்கள். ஒருவர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் ரோட்டோரம் நிறுத்திய டிப்பர் லாரியின் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தான். டீ லாரிக்காரனுக்கு. பெஞ்சில் இருந்தவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, காது அரித்ததுபோல் சொறிந்துகொண்டார்.

அந்தக் கல்குவாரியில் யாருக்கும் பேர் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேரெல்லாம் சம்பளப் பட்டியலோடு சரி. ஓட்டுகிற வண்டியின் எண்தான் ஆள். மூணுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை, ஏழுக்குக் காய்ச்சல், ஒன்பது இன்னும் எழுந்திருக்கவில்லை என்றுதான் பேச்சு நடக்கும். பதினொன்றாம் நம்பர் டிப்பரைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர் பெஞ்சில் இருந்தவர். வண்டி கையை விட்டுப் போய் ஒன்பது நாளாகியும் அவர் கழுத்துக்கு அந்தச் சேதி எட்டவில்லை. யாராவது பதினொண்ணு என்றால் அது பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது.

லாரிப் படியில் நின்றவன் அவருடைய பெண்டாட்டியின் தம்பி. போன மாதம்வரை அவனுக்கு நாலு என்று பேர். இப்போது அவன்தான் பதினொண்ணு, இவர் பழைய பதினொண்ணு. ஊரார் எப்படியாவது கூப்பிட்டுக்கொள்ளட்டும், இந்தக் கதைக்குள்ளாவது பதினொண்ணு என்கிற பேரை அவரிடமே விட்டுவைப்போம். அவனை மச்சினன் என்று சொன்னால் போதும்.

மச்சினன் டீயை இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் கிளாசை வைத்தான். "வர்றேன் மாமா" என்றான். பதினொண்ணு எதிரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பேசியது அவர் காதில் விழுந்தது, அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

பாலம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் போனதிலிருந்து குவாரிக்குப் பிடித்தது சனி. ஒரு நாளைக்கு எட்டு நடை, ஒன்பது நடை என்று பறந்த வண்டிகள் இரண்டு நடைக்கு வந்து நின்றன. மலை உச்சியில் பாறையை உடைத்து, லாரியில் ஏற்றி, மூன்று வளைவு இறங்கி, அடிவாரத்துக் கிரஷரில் கொட்டினால் ஒரு நடை. கிரஷரைச் சுற்றி ஜல்லி குட்டி மலையாகக் குவிந்து கிடந்தது. வாங்க ஆளில்லை. டிரைவர்கள் கழுவிய வண்டியையே மறுபடியும் கழுவினார்கள். துடைத்த கண்ணாடியையே துடைத்தார்கள். காற்றில் கல்தூசி குறைந்து மலை தெளிவாகத் தெரிந்தபோது, கவலை வந்தது அவர்களுக்குத்தான். தூசி பறந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பன்னிரண்டு வண்டியில் ஆறு போதும் என்று முதலாளி முடிவு செய்தார். பழைய வண்டிகளை விற்றார்கள், அதில் நாலும் ஒன்று. ஆக, வண்டி இல்லாத மச்சினன்தான் வீட்டுக்குப் போக வேண்டியவன். நியாயம் அதுதான். ஆனால் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பியது பதினொண்ணை.

"உட்காருங்க. முழங்கால் எப்படி இருக்கு?" என்றார் மேனேஜர்.

"எந்த முழங்கால்?"

"இடது முழங்கால். ராத்திரியெல்லாம் வலியாமே?"

"யாரு சொன்னா?"

"உங்க மச்சினன்தான். பாவம், வீட்ல அக்கா ஒத்தடம் கொடுத்துக்கிட்டே இருக்காங்கன்னு வருத்தப்பட்டான். நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், இறக்கத்துல மத்தவங்களைவிட நீங்க மெதுவா வர்றதை. கொஞ்ச நாள் வீட்ல இருங்க. வேலை கூடினா நானே ஆள் அனுப்பறேன். வண்டி உங்க வீட்டை விட்டா போகுது? மச்சினன்தானே ஓட்டப் போறான்."

பதினொண்ணு சாவியை எடுத்து மேசையில் வீசினார். அது சறுக்கிக்கொண்டு போய் மேனேஜரின் தண்ணீர் டம்ளரில் முட்டியது. வெளியே வந்து, எடைமேடையைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வேகாத வெயிலில் வீடுவரை நடந்தார். என்ன ரோஷம் பார் மனுஷனுக்கு என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

ஆனால் அன்று அவர் செய்யாமல் விட்ட காரியம் ஒன்று உண்டு. குவாரி டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம். வண்டியில் என்ன கோளாறு இருந்தாலும் மேலே சொல்லமாட்டார்கள். சொன்னால் வண்டி பட்டறைக்குப் போய்விடும். பட்டறைக்குப் போனால் உதிரி வரவில்லை, மெக்கானிக் வரவில்லை என்று மாதக்கணக்கில் நிற்கும். வண்டி நின்றால் டிரைவருக்குச் சம்பளம் இல்லை. வேலை குறைந்த காலத்தில் உள்ளே போன வண்டி திரும்பி வருவதே சந்தேகம். அதனால் கோளாறு எதுவானாலும் கையாலும் காலாலும் சமாளித்து ஓட்டிவிடுவார்கள். ஆனால் வண்டி கைமாறும்போது மட்டும் பழைய டிரைவர் புதியவனோடு ஒரு நடை கூடவே உட்கார்ந்து போக வேண்டும். குறை சொல்லிக் கொடுப்பது என்று அதற்குப் பேர். அடிதடி சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை அற்றுப்போனவர்கள்கூட அந்த ஒரு நடை போயிருக்கிறார்கள். பாதி வழி முறைத்துக்கொண்டே போய், வளைவு வந்ததும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மறுபடி முறைப்பார்கள்.

பதினொன்றாம் நம்பர் வண்டியின் குறை பெரிய குறை. இரண்டு வருஷமாக அதன் இரண்டாவது கியர் நழுவுகிறது. ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மூன்றாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், கியர் தானாக எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும். அந்த நொடியில் இன்ஜினின் பிடி விட்டுப்போகும். இருபது டன் கல்லை வெறும் பிரேக் எத்தனை நேரம் தாங்கும்? வளைவுக்கு அந்தப் பக்கம் கைவிட்ட பழைய குழி, முப்பது ஆள் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர். கியர் கம்பியில் இடது முழங்காலை முட்டுக் கொடுத்து, இறக்கம் முடியும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்வது ஒன்றே வழி. பதினொண்ணு இரண்டு வருஷம் அப்படித்தான் இறக்கினார். அவர் முழங்கால் போனதே அதனால்தான்.

அந்த முழங்காலைத்தான் மச்சினன் மேனேஜரிடம் விற்றுவிட்டு வண்டியை வாங்கிக்கொண்டான். சரி, வண்டி அவனுக்கு. வண்டியின் குறையை அவனே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். வெயிலில் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் பதினொண்ணுக்கு இது தீர்மானமாகிவிட்டது. தீர்மானமானதும் மனசு குளிர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

*

வீடு இரண்டு அறை. முன்னறையில் மேசை, மூன்று நாற்காலி, ஓரமாக மச்சினனின் கட்டில். கல்யாணம் ஆகாத தம்பி ஆறு வருஷமாக அக்கா வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

காலையில் அவள் ரொட்டியும் வறுத்த உருளைக்கிழங்கும் டப்பாவில் கட்டித் தம்பி கையில் கொடுப்பாள். பதினொண்ணு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் அந்த டப்பா இரண்டு.

"ஒரு நடை கூடப் போயிட்டு வந்துடுங்களேன்" என்றாள் அவள் ஒருநாள், தம்பி போன பிறகு. "எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க? கடையில அந்த அம்மா கேக்கறாங்க, என்ன உன் புருஷன் இன்னும் குறை சொல்லிக் கொடுக்கலையாமேன்னு."

"அவன் வந்து என்கிட்ட கேட்டானா?"

"சின்னப் பையன். பயப்படறான்."

"முப்பத்திரண்டு வயசு. மேனேஜர் ரூமுக்குப் போய் என் முழங்காலைப் பத்திக் கதை அளக்கறப்போ வராத பயம் இப்ப வந்துடுச்சாக்கும்."

"அவன் வேணும்னு சொல்லியிருக்க மாட்டான்."

"உன் தம்பிக்கு நீ வக்காலத்து வாங்காம இருந்தாத்தான் ஆச்சரியம்."

"நான் யாருக்கும் வக்காலத்து வாங்கல. சோறு போடற வண்டி எந்தக் கையில இருந்தா என்ன, வீட்டுக்குத்தானே வருது? இன்னிக்கு உங்களுக்கு வேலை இல்ல. அவனாவது ஓட்டறான்னு நெனச்சுக்கங்களேன்."

"நெனச்சுக்கறேன். தினமும் அதைத்தான் நெனச்சுக்கறேன்" என்றார் அவர்.

அவள் அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

சாயந்தரம் ஆறு மணிக்கு மச்சினன் வருவான். செருப்புச் சத்தம் சந்து முனையில் கேட்கும்போதே பதினொண்ணின் முகம் தொங்கிப்போகும். அவன் குளித்துவிட்டு வந்து மேசையில் உட்கார்வான். அக்கா பரிமாறுவாள். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டே நடுநடுவே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பான். என்னத்தைத் தேடுகிறான் என்று அவருக்கு எரிச்சலாக வரும். தட்டை நகர்த்திவிட்டுப் பாதியில் எழுந்துவிடுவார். வேலை போன துக்கம் மனுஷனைத் தின்கிறது என்று நினைத்து அவள் அவருக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வறுத்து வைக்க ஆரம்பித்தாள்.

*

வேலை தேடாமல் இருந்தார் என்று சொல்லக் கூடாது. தேடினார். செங்கல் சூளையில் கேட்டார், தண்ணீர் லாரிக்காரரிடம் கேட்டார். குவாரியில் கழித்துவிட்ட ஆறு பேரும் ஒருவர் போன வாசலுக்கே அடுத்தவர் போய் நின்றதில், எல்லா வாசலும் ஒரே வாரத்தில் சாத்திக்கொண்டன. பத்து மணிக்குமேல் போக இடமில்லை. அதனால் டீக்கடைக்கு வந்துவிடுவார். அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது வளைவு நன்றாகத் தெரியும்.

"உன் வீட்ல இல்லாத அழகு அந்த மலையில என்ன இருக்கு?" என்றாள் டீக்கடைக்காரம்மா. "பொண்ணு பார்க்க வந்தவனாட்டம் உட்கார்ந்திருக்கே."

"பழகின இடம்."

"புதுப் பதினொண்ணு நல்லா ஓட்டறான். ஆனா அவனும் உன்னை மாதிரியே உருட்டி உருட்டித்தான் இறங்கறான். மத்தவங்க ஒரு நடை போயிட்டு வர்றதுக்குள்ள இவன் பாதி வழிதான் வர்றான்."

அதை அவர் யோசித்துப் பார்த்திருக்கலாம். பத்தொன்பது வருஷம் இறக்கத்தில் ஓட்டியவருக்கு அந்த ஒரு பேச்சே போதும். ஆனால் வன்மம் பிடித்தவனுக்கு வேண்டியதுதான் கேட்கும். புது ஆள், பயந்து ஓட்டுகிறான், இன்னும் கொஞ்ச நாளில் பயம் தெளியும், வேகம் வரும், அப்போது இருக்கிறது என்றுதான் அவர் கணக்குப் போட்டார்.

வண்டி கைமாறிய இருபத்தேழாம் நாள் மழை வந்தது. பருவம் தப்பி வந்த மழை. பதினோரு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு, கல்தூசி படிந்த ரோடெல்லாம் மாவு பிசைந்ததுபோல் ஆகிவிட்டது. மற்ற வண்டிகள் உச்சியிலேயே நின்றுவிட்டன. பதினொன்றாம் நம்பர் வண்டி மட்டும் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தது. முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முதல் வளைவில் திரும்பியது. இரண்டாவதில் திரும்பியபோது பின்சக்கரம் ஓரடி வழுக்கியது.

பதினொண்ணு எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. எடைமேடைக்கு ஓடினால் அங்கே மைக் இருக்கிறது. "ரெண்டாவதை அழுத்திப் பிடிடா" என்று ஒரு வார்த்தை கத்தினால் மலை முழுக்கக் கேட்கும். நூறு அடிதான். மழையில் ஒரு காலை வெளியே வைத்தார். தண்ணீர் முழங்காலில் பட்டது. வலி சுருக்கென்று மேலே ஏறியது. இந்த முழங்காலைச் சொல்லித்தானே என்னை விரட்டினான் என்று நினைத்தார்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

லாரி மூன்றாவது வளைவுக்கு முன்னால் ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது. பிறகு நத்தைபோல் ஊர்ந்து, திரும்பி, பாறையை உரசுவதுபோல் ஒட்டிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தது. டீக்கடைக்காரம்மா நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. சினிமாவில் பாதியில் கரண்ட் போனவனுக்கு வருமே, அந்த ஏமாற்றம்தான். இன்னொரு டீ போடச் சொன்னார். அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்த மச்சினன் சாப்பிட உட்கார்ந்து, வழக்கத்தைவிட அதிக நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

நாற்பத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கோழி வாங்கி ஆக்கியிருந்தாள். மச்சினன் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். பதினொன்றாம் நம்பர் வண்டிச் சாவி.

"எனக்குப் பால் வண்டியில வேலை கிடைச்சிருக்கு அக்கா. வெளியூர். தங்கறதுக்கு அங்கேயே ரூம் குடுக்கறாங்க. சாயந்தரம் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்" என்றான். பிறகு அவர் பக்கம் திரும்பினான். "மாமா, மேனேஜர்கிட்ட உங்களைத்தான் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையிலேயே வரச் சொல்லிட்டாரு."

பதினொண்ணு நிமிர்ந்து பார்த்தார். தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது வண்டி. நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாக அவனிடம் பேசினார்.

"என்ன, ஓட்ட முடியலையா?"

"ஓட்டினேன் மாமா" என்றான். "முழங்கால் விஷயம் நான் சொன்னதுதான். ஏன் உங்க மாமா மெதுவா வர்றாருன்னு மேனேஜர் கேட்டாரு. வலின்னு சொன்னா சமதளத்துல ஏதாவது வண்டி குடுப்பாருன்னு நெனச்சேன். புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். அதை எப்படிச் சொல்லியிருந்தாலும் நீங்க நம்பப் போறதில்ல. சரி, அது இருக்கட்டும். வண்டி கைமாறுது, குறை சொல்லிக் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை, கூட உட்கார்ந்து ஒரு நடை வர முடியாது. இங்கேயே சொல்லிடறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"டீசல் முள் பொய் சொல்லும். கால்வாசி காட்டினா காலின்னு வச்சுக்கங்க. மழைத் துடைப்பான் இடது பக்கம் மட்டும்தான் வேலை செய்யுது. பின்கதவு கொக்கியை ரெண்டு தடவை தட்டிப் போடணும். அப்புறம், மூணாவது வளைவுக்கு முன்னாடி ரெண்டாவது கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துடும். அரை கிலோமீட்டர் முன்னாடியிருந்தே இடது முழங்காலைக் கம்பியில முட்டுக் குடுத்து அழுத்திக்கங்க. விட்டீங்கன்னா குழிதான்."

கேலி இல்லை, குத்தல் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

அவள் சிரித்துவிட்டாள். "யாருக்குடா பாடம் எடுக்கறே? பத்தொம்பது வருஷம் ஓட்டினவருக்கு அது தெரியாதா?"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. தம்பியின் இடது முழங்காலைப் பார்த்தாள். மூன்று வாரமாகக் கல்லில் இடித்துக்கொண்டேன் என்று துணி சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாகப் புருஷனுக்கு அவள் ஒத்தடம் கொடுத்ததும் அதே இடத்தில்தான்.

"அந்தக் கியர் எப்ப இருந்துடா நழுவுது?"

"மாமாவைக் கேளு."

அவள் அவரைப் பார்த்தாள். பொய் சொல்ல வழியில்லை.

"ரெண்டு வருஷமா" என்றார்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது? இவரு சொன்னாரா?"

"முதல் நாளே தெரிஞ்சுது. வளைவுல வண்டி கையை விட்டுப் போச்சு. பாறைப் பக்கமா ஒடிச்சு உரசி நிறுத்தினேன். சாயந்தரம் வந்து உட்கார்ந்தேன், வண்டி எப்படி இருக்குன்னு மாமா கேட்பாருன்னு. கேட்கல. சரி, கோபம், நாளைக்குக் கேட்பாருன்னு நெனச்சேன். அப்படியே தினமும் நெனச்சேன். மழை பெஞ்ச அன்னிக்கு நிச்சயமாக் கேட்பாருன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா என்னை வண்டிக்கு அனுப்புவியா? எனக்கு வேற வேலை கிடைக்கிறவரைக்கும் ஓட்டியாகணும்."

"இப்ப மட்டும் எதுக்குச் சொன்னே?"

"நாளைக்கு அவரு ஓட்டப் போறாரு. சொல்லாமக் குடுக்கிற வழக்கம் எங்க டிரைவருங்ககிட்ட கிடையாது அக்கா."

அவன் எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தான். ஏற்கெனவே கட்டி வைத்திருந்தான். பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இருந்தாலும் உடனே கிளம்பிவிட்டான். வாசலில் நின்று, "வர்றேன் மாமா" என்று என்றைக்கும்போலவே சொல்லிவிட்டுப் போனான். ஒரு காலை இழுத்து இழுத்துப் போகிற செருப்புச் சத்தம் சந்து முனைவரை கேட்டது. அவள் பின்னாலேயே வாசல்வரை போய், அந்தச் சத்தம் நின்ற பிறகும் அங்கேயே நின்றிருந்தாள்.

திரும்பி வந்து மேசையில் கிடந்த எலும்புகளைத் தட்டில் வழித்துப் போட்டாள்.

"மழை பெஞ்ச அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"டீக்கடையில."

"பார்த்துக்கிட்டா?"

அவர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இருந்தது. நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்த காலம் ஒன்று உண்டு, அது மேனேஜர் ரூமில் ஆரம்பித்து எந்த இடத்தில் முடிந்துபோனது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அதான் ஒண்ணும் ஆகலையே" என்றார்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"தினமும் அவன் வீடு வந்து சேர்ந்ததும் உங்க மூஞ்சி தொங்கிப்போகுமே. வேலை போன கவலைன்னு நான் முட்டை வறுத்து வறுத்து வச்சேன். ஒண்ணும் ஆகலையேங்கிற கவலையா அது?"

இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை.